ஒட்டும் மீளப்பெறலும்: தற்காலிகச் செயலின் அறம் பற்றி ஒரு நோக்கு

கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுபவர், புதிய துணி வாங்கும்வரை இது போதும் என்ற எண்ணத்துடனேயே ஊசியைக் கையிலெடுக்கின்றார். எனினும் அத்துணி இன்னும் எத்தனை ஆண்டுகள் உடுக்கப்படும் என்பதை அவ்வெண்ணம் தீர்மானிப்பதில்லை. கணனித் துறையினர் தம் மென்பொருளிற் காணும் குறைகளை நீக்குதற்பொருட்டு இடும் சிறு திருத்தங்களையும் ஒட்டு என்ற பொருள்படும் சொல்லாலேயே வழங்கி வருகின்றனர். இது வெறும் உருவகமன்று. 1944 ஆம் ஆண்டில் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய மார்க் 1 என்னும் கணிப்பொறிக்குரிய கட்டளைகள் காகித நாடாவிலே துளைகளாக இடப்பட்டிருந்தன. துளை தவறான இடத்தில் விழுந்துவிட்டால் அதன்மேற் காகிதத் துண்டொன்றை ஒட்டி மூடிவிடுவர். ஒட்டை உரித்தெடுத்தாற் பழைய துளை மீண்டும் வெளிப்படும். மீளப்பெறல் என்பது அன்று விரல் நகத்தால் ஆகிற வேலையாக இருந்தது.

இன்று அது அவ்வளவு எளிதாயில்லை. வங்கி, மருத்துவமனை, பங்குச் சந்தை, பல்கலைக்கழக அனுமதி முதலியன யாவும் இடையறாது இயங்கும் சேவையகங்களை நம்பியிருக்கும் நிலையில், அவசரத்தில் இடப்படும் ஒட்டு ஒவ்வொன்றும் அதனை இட்டவரால் என்றுங் காணப்படாத பலருடைய வாழ்க்கையைத் தொடுகின்றது. தற்காலிகமாக ஒன்றைச் செய்பவர் எதற்குக் கடமைப்படுகின்றார்? செய்ததை அவர் மீளப்பெறும்போது முன்னைய நிலை உண்மையிலேயே மீள்கின்றதா? இவை பொறியியலாளருக்கு மட்டும் உரிய வினாக்கள் என்று கலைப்பீட மாணவர் ஒதுங்கிவிடுதல் பொருந்தாது. ‘தற்போதைக்கு’ என்று தொடங்கிய ஏற்பாடுகள் தலைமுறை கடந்தும் நிலைத்துவிடுவதை வரலாறு கற்பவர் நன்கறிவர்.

நம் நாட்டிலே உருவான ஓர் அமைப்பை முதலில் எடுத்துக்கொள்ளலாம். 2005 ஆம் ஆண்டிற் கொழும்பில் நிறுவப்பட்ட டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் நிறுவனம் காபன் என்ற பெயரிற் சேவையக மென்பொருளொன்றை உருவாக்கியது. அது ஒரே திரளாக அமையாது, தனித்தனிக் கூறுகள் பல ஒன்றிணைந்து இயங்கும் வகையில் அமைந்தது. கூறுகள் யாவும் ஒரு கோப்புறையிலே கோப்புகளாக இருக்கும். குறையுள்ள கூறொன்றைத் திருத்த வேண்டின், திருத்திய கோப்பை 0001, 0002 என வரிசையெண் பெற்ற ஒட்டுக் கோப்புறைகளுள் ஒன்றில் வைத்துச் சேவையகத்தை மறுபடி தொடக்குவர். சேவையகம் பழையவற்றையும் புதியவற்றையும் ஒப்பிட்டுத் தானே மாற்றிக்கொள்ளும். அவ்வாறு மாற்றுவதற்கு முன்னர் அது இன்னொன்றையுஞ் செய்யும். மூலக் கூறுகள் அனைத்தையும் படியெடுத்து 0000 என்னும் எண் பெற்ற கோப்புறையிற் காத்து வைக்கும். பிழை நேருமிடத்துப் பழைய நிலைக்குத் திரும்புவதற்கான ஏற்பாடு இது.

இச்சிறு ஏற்பாட்டிலே ஒரு தத்துவம் பொதிந்திருக்கிறது எனலாம். மூலநிலைக்குத் தனிப்பெயரோ சிறப்பிடமோ தரப்படவில்லை. ஒட்டு வரிசையிற் பூச்சியம் என்ற எண்ணே அதற்குக் கிடைத்தது. இதனை வடிவமைத்தோர், தாம் முதலில் ஆக்கியதையும் பின்னர் இட்ட ஒட்டையும் தவறக்கூடிய மனிதர் செய்த வேலைகளாகவே ஒரே வரிசையில் நிறுத்தினர் என்று கொள்ள இடமுண்டு. அவர்கள் அப்படி எண்ணியே எண்ணிட்டார்களா என்பது வேறு விடயம். செய்நேர்த்தி சில வேளைகளிற் செய்தவரின் எண்ணத்தை முந்திச் செல்வதுண்டு.

ஆனால் பூச்சிய எண் கோப்புறை எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை என்பதையும் நோக்குதல் வேண்டும். அது கூறுகளைக் காக்கிறது; கூறுகள் செய்த செயல்களைக் காக்க அதனால் இயலாது. பயனாளர் விபரங்களைத் தரவுத்தளத்தில் எழுதும் முறையை ஓர் ஒட்டு மாற்றியது என்று கொள்வோம். ஒரு வாரத்தின் பின் அவ்வொட்டு மீளப்பெறப்படுகிறது. கூறு பழைய கூறாகிவிட்டது. ஆயின் அந்த ஒரு வாரத்தில் எழுதப்பட்ட விபரங்கள் புதிய முறையிலேயே கிடக்கின்றன. பழைய கூறு அவற்றைப் படிக்க மாட்டாது திணறலாம். அதனினுங் கொடிது, பிழைபடப் படித்துவிட்டு மேலே செல்லலாம். அவ்வாரத்தில் அனுப்பப்பட்ட கடிதங்கள் உரியவரை அடைந்துவிட்டன. ஏற்கப்பட்ட கொடுப்பனவுகள் ஏற்கப்பட்டவையே. கோப்பைத் திருப்பி வைப்பதால் இவற்றுள் ஒன்றேனும் திரும்பி வருவதில்லை.

ஹன்னா ஆரென்ட் 1958 இல் வெளியிட்ட ‘மனித நிலை’ என்னும் நூலில் ஆக்கம், செயல் ஆகிய இரண்டையும் வேறுபடுத்திக் காட்டினார். கையால் ஆக்கிய பொருளைக் கையாலேயே அழித்துவிடலாம். மனிதரிடையே நிகழும் செயலோ அத்தகையதன்று. அது பிறரைத் தொட்டு, அவர்களது மறுசெயல்களைத் தூண்டி, செய்தவரின் பிடிக்கு அப்பாற் சென்றுவிடுகிறது. செயலின் இந்த மீளாத் தன்மைக்கு மன்னிப்பும், அதன் விளைவை முன்னறிய முடியாமைக்கு வாக்குறுதியுமே மனிதர் கைக்கொள்ளக்கூடிய பரிகாரங்கள் என்பது அவரது முடிபு. இப்பாகுபாட்டின் ஒளியில் மென்பொருள் ஒட்டின் இரட்டை இயல்பு தெளிவாகின்றது. எழுதப்பட்ட வரிகள் என்ற அளவில் அது ஆக்கம், வேண்டியபோது நீக்கிவிடலாம். இயங்கும் சேவையகத்தினுள் நுழைந்த கணத்திலிருந்து அது செயலாகிவிடுகிறது. ஆக்கத்துக்குரிய எளிமை செயலுக்கும் உண்டென மயங்குவதே இத்துறையின் அறச்சிக்கல்கள் பலவற்றுக்கு வேர் என்று தோன்றுகிறது.

இம்மயக்கத்தின் விலையைக் காட்டுதற்கு 2012 ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்த சம்பவமொன்றை விரிவாகவே நோக்கலாம். அமெரிக்கப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு அதனை ஆராய்ந்து 2013 ஒக்ரோபரில் வெளியிட்ட கட்டளையில் விபரங்கள் பதிவாகியுள்ளன. நியூயோர்க் பங்குச் சந்தை 2012 ஓகஸ்ட் 1 ஆந் திகதி சிறு முதலீட்டாளருக்கெனப் புதிய திட்டமொன்றைத் தொடங்கவிருந்தது. நைற் கப்பிற்றல் என்னும் தரகு நிறுவனம் அதற்கேற்பத் தன் மென்பொருளைத் திருத்தியது. பங்குக் கட்டளைகளைச் சந்தைக்கு அனுப்பும் அம்மென்பொருள் எட்டுச் சேவையகங்களில் இயங்கியது. அதனுள் பவர் பெக் எனப்பட்ட பழைய பகுதியொன்று கிடந்தது. 2003 ஆம் ஆண்டிலேயே அதன் பயன்பாடு நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் எவரும் அதை அகற்றவில்லை. கட்டளையிற் கேட்கப்பட்ட பங்குகள் யாவும் கிடைத்துவிட்டனவா என எண்ணிப் பார்த்து அதனை நிறுத்தும் உறுப்பு 2005 இல் வேறோரிடத்துக்கு மாற்றப்பட்டது. உறங்கும் பகுதிதானே என்று, மாற்றத்தின் பின் அதனை எவருஞ் சோதித்துப் பார்க்கவில்லை. 2012 இல் எழுதப்பட்ட புதிய திருத்தமோ, ஒரு காலத்திற் பவர் பெக்கை எழுப்புவதற்குப் பயன்பட்ட அதே அடையாளக் குறியைத் தன் தேவைக்கென எடுத்துக்கொண்டது.

யூலை 27 ஆந் திகதியிலிருந்து புதிய திருத்தம் சேவையகங்களில் இடப்பட்டது. ஏழில் இடப்பட்டது, எட்டாவதில் இடப்படாது விடுபட்டது. இன்னொருவர் சரிபார்க்கும் ஒழுங்கு அங்கிருக்கவில்லை. ஓகஸ்ட் 1 ஆந் திகதி காலையிற் சந்தை திறப்பதற்கு முன்னரே, பவர் பெக்கின் பெயரைச் சுட்டும் மின்னஞ்சல்கள் 97 தாமாகவே நிறுவனத்தினுட் சென்றன. அவை எச்சரிக்கை என்று வகுக்கப்பட்டவையல்லவாகையால் எவரும் பொருட்படுத்தவில்லை. சந்தை திறந்ததும் எட்டாவது சேவையகத்திற் பழைய பகுதி விழித்துக்கொண்டது. போதும் என்று சொல்லும் உறுப்பை இழந்திருந்த அது, ஓயாது பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது.

நிறுவனத்தினர் அப்போது செய்த காரியமே இங்கு முதன்மையானது. புதிய திருத்தமே கேட்டுக்குக் காரணமென எண்ணி, அது சரியாக இடப்பட்டிருந்த ஏழு சேவையகங்களிலிருந்தும் அதனை அகற்றினர். நேற்றுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது, ஆகவே நேற்றைய நிலைக்குத் திரும்புவோம் என்ற நியாயம், கேட்பதற்கு எவ்வளவு இயல்பானது! ஆனால் வந்துகொண்டிருந்த கட்டளைகள் இன்றைய கட்டளைகள். அவை புதிய அடையாளக் குறியைத் தாங்கி வந்தன. அந்த ஏழு சேவையகங்களிலும் பழைய பகுதி மீண்டும் வெளிப்பட்டு, அக்குறியைத் தனக்குரிய அழைப்பென்றே கொண்டது. ஒன்றில் நிகழ்ந்த தவறு எட்டிலும் நிகழலாயிற்று. சுமார் 45 நிமிடங்களில் 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கல்கள் நடந்தேறின. கைமாறிய பங்குகள் 39 கோடியே 70 இலட்சத்துக்கும் அதிகம். இழப்பு 46 கோடி டொலரைத் தாண்டியது. ஆணைக்குழு பின்னர் ஒரு கோடியே 20 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது. அதற்கு முன்னரே, 2013 யூலையில், நிறுவனம் இன்னொரு நிறுவனத்துடன் இணைந்து தன் தனியிருப்பை இழந்துவிட்டிருந்தது.

நேற்றைய நிரலும் இன்றைய கட்டளைகளும் ஒருங்கு சேர்ந்த அந்நிலை, அதற்கு முன் ஒருநாளும் இருந்ததன்று. அவர்கள் திரும்பிச் சென்றதாக எண்ணினர். உண்மையில் முன்பின் அறியாத மூன்றாவது நிலையொன்றுக்குச் சென்றனர். இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், மீளப்பெறலும் புதிய செயலேயாகும் என்பது. ஒட்டு இடுவதற்கு எத்துணை நியாயமும் ஆராய்வும் வேண்டுமோ அத்துணையும் அதை எடுப்பதற்கும் வேண்டும். ‘முன்பு இருந்ததைத்தானே திரும்ப வைத்தோம்’ என்பது அறநோக்கிற் செல்லுபடியாகும் சமாதானமன்று.

மென்பொருளாளர் இவ்வுண்மையை முற்றும் உணராதவரல்லர். லினஸ் ரோவால்ட்ஸ் 2005 ஆம் ஆண்டு தொடக்கிய கிற் என்னும் பதிவுமுறையில், வெளியான மாற்றமொன்றை மீளப்பெறுவதற்குரிய வழக்கமான கட்டளை அதனை வரலாற்றிலிருந்து அழிப்பதில்லை. அதற்கு எதிரான இன்னொரு மாற்றத்தைப் புதிய பதிவாகச் சேர்க்கிறது. செய்ததும் கிடக்கும், செய்ததை மறுத்ததும் கிடக்கும். இரு கிளைகளை இணைத்த பதிவொன்றை மீளப்பெற்ற பின்னர் அக்கிளையை மறுபடி இணைக்க முயன்றால், முன்பு மறுக்கப்பட்ட மாற்றங்கள் திரும்பி வருவதில்லை. இணைப்பு ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டது என்றே வரலாறு சொல்லும். மீளப்பெற்றதையே மீளப்பெற்றால்தான் அவை வரும். நகைப்புக்குரியதாகத் தோன்றினும், கடந்ததை நிகழாததாகப் பாவனை செய்ய மறுக்கும் நேர்மை இம்முறையில் உண்டு. பதிவையே துடைத்தெடுக்கும் கட்டளைகளும் அங்கு இல்லாமலில்லை. பிறர் ஏற்கெனவே பெற்றுக்கொண்ட பதிவுகள்மீது அவற்றைப் பிரயோகிப்பது முறையன்று என்பது அத்துறையினரின் எழுதா விதி.

இவ்விடத்து ஓர் ஐயம் எழலாம். ஒட்டு நிலைத்துவிடுவதே தவறு, உரிய காலத்தில் எடுக்காமையே குற்றம் என்று சிலர் கூறுவர். வரலாறு இதனை அப்படியே ஏற்கவில்லை. அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்து மையமொன்றில் றொப் மக்கூல் எழுதிய இணையச் சேவையக மென்பொருள் 1990 களின் முற்பகுதியிற் பரவலாகப் பயன்பட்டது. 1994 இன் நடுப்பகுதியில் அவர் அம்மையத்தைவிட்டு நீங்கியதும் அதன் வளர்ச்சி நின்றது. ஆங்காங்கே அதனைப் பயன்படுத்தியோர் தத்தம் தேவைக்கேற்ப ஒட்டுகளை எழுதிக்கொண்டனர். 1995 பெப்ரவரியில் அவர்களுள் எண்மர் மின்னஞ்சல் வழியாக ஒன்றுகூடி அவ்வொட்டுகளைத் திரட்டினர். அப்பாச்சி சேவையகம் இவ்வாறு பிறந்தது. ஒட்டுகள் நிறைந்தது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் ஒலியும் அப்பெயரில் உண்டு. அமெரிக்கத் தொல்குடியொன்றின்மீது கொண்ட மதிப்பாலேயே அப்பெயர் இடப்பட்டதென இன்னொரு விளக்கமும் உண்டு. அதே ஆண்டில் றொபேட் தௌ அதற்கெனக் கூறுகளாகப் பிரிந்தமையும் புதிய கட்டமைப்பொன்றை வகுத்தார். டிசெம்பர் 1 ஆந் திகதி அதன் முதலாம் பதிப்பு வெளிவந்தது. மறு ஆண்டிலேயே அது இணையத்தில் மிகுதியாகப் பயன்படும் சேவையகமாயிற்று.

அப்பாச்சியின் ஒட்டுகள் நிலைத்தன. நைற் கப்பிற்றலின் பழைய பகுதியும் நிலைத்தது. இரண்டுக்குமிடையே வேறுபாடு யாது? முன்னையவை வெளிப்படையாகப் பகிரப்பட்டன. யார், எதற்காக எழுதினார் என்பது ஏனையோர்க்குந் தெரிந்திருந்தது. ஈற்றில் அவற்றுக்குரிய இடம் கட்டமைப்பினுள்ளேயே வகுக்கப்பட்டது. பின்னையது ஏற்கப்படவுமில்லை, நீக்கப்படவுமில்லை. நிறுத்தப்பட்டது என்ற நினைவு மட்டுமே மனிதரிடம் எஞ்சியது. எனவே ஒட்டு எவ்வளவு காலம் இருந்தது என்பதினும், அதன் இருப்பை எவர் அறிந்து ஏற்றிருந்தார் என்பதே பொருட்படுத்தத்தக்கது. தற்காலிகம் என்பது ஒட்டின்கண் உள்ள பண்பன்று. இட்டவர் தந்த வாக்குறுதி. எழுதி வைக்கப்படாதவிடத்து, அவர் வேலையை விட்டு நீங்கும் நாளில் அவ்வாக்குறுதியும் அவரோடு போய்விடுகிறது. எஞ்சுவது காரணம் தெரியாத ஒரு கோப்பு.

அவ்வாறாயின் 2012 ஆம் ஆண்டின் குற்றம் எவரைச் சாரும்? 2003 இல் அகற்றாது விட்டவரையா, 2005 இல் இடம் மாற்றியவரையா, குறியை மறுபடி பயன்படுத்தியவரையா, எட்டாவது சேவையகத்தை மறந்தவரையா, ஏழிலிருந்தும் எடுத்தவரையா? ஒவ்வொருவர் பங்கும் தனித்து நோக்குமிடத்துச் சிறியது. பல கைகள் பற்றிய சிக்கல் என டெனிஸ் தொம்சன் 1980 இல் ஆராய்ந்ததும், ஹெலன் நிசென்பாம் 1996 இற் கணனிச் சமுதாயத்துக்குப் பொருத்திக் காட்டியதும் இதனையே. சட்டம் நிறுவனத்தைத் தண்டித்து அமைந்தது. அறத்துக்கு அது போதாது. பங்கு சிறியதாயிருந்தமை பொறுப்பைச் சிறிதாக்கலாம், இல்லாமற் செய்யாது. அடுத்தவர் தெரிந்துகொள்ளும் வண்ணம் ஒரு வரி எழுதிவைப்பது அந்த ஐவருள் முதல் மூவருக்கும் எளிதாயிருந்தது என்பதும் நினைக்கத்தக்கது.

அவசரத்தில் இவையெல்லாம் ஆடம்பரம் என்பார் உளர். தீப்பிடித்த வீட்டில் நீர் ஊற்றுபவரிடம் கணக்குக் கேட்கலாமா என்பது அவர் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆயினும் அவசரத்தில் இடும் ஒட்டு மனத்தை அமைதிப்படுத்திவிடுகிறது; ஆபத்து அங்கேதான் இருக்கிறது. 2021 டிசெம்பரில் லொக்4ஜே என்னும் பதிவெழுது கூறிற் பெருங் குறையொன்று வெளிப்பட்டபோது, அமைப்புக் குறியொன்றை மாற்றினாற் போதும் என்ற தற்காலிக வழி உலகெங்கும் பின்பற்றப்பட்டது. சில நாட்களுக்குள்ளேயே, சில சூழல்களில் அது போதாதென்று தெரியவந்தது. கதவை மூடிவிட்டோம் என்று நம்பியவர் பலரின் கதவு ஒருக்களித்தே கிடந்தது. எங்கெங்கு என்ன செய்தோம் என்று குறித்து வைத்திருந்தவர் மறுபடி சென்று பார்க்கக் கூடியதாயிருந்தது. மற்றையோர் தேட வேண்டியதாயிற்று.

மறுபுறத்தில், அவசரத்தின் மத்தியிலும் மீளப்பெறலைப் புதிய செயலாகவே நடத்திய சந்தர்ப்பமும் உண்டு. 2018 சனவரியில், செயலிகளிற் காணப்பட்ட ஸ்பெக்ரர் என்னும் குறைக்கு இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட திருத்தம் சில கணனிகளைத் தாமாகவே மறுபடி தொடங்கச் செய்தது. அம்மாதம் 22 ஆந் திகதி, அத்திருத்தத்தை இடுவதை நிறுத்துமாறு அந்நிறுவனமே அறிவித்தது. சில நாட்களில் மைக்றோசொவ்ற் நிறுவனம், சிக்கலுக்குக் காரணமான அந்த ஒரு காப்பை மட்டும் செயலிழக்கச் செய்யும் தனித் திருத்தத்தை வெளியிட்டது. காப்பு நீங்குவதால் ஆபத்து மீளும் என்பது மறைக்கப்படவில்லை. இரு தீங்குகளுள் எது இப்போது தாங்கத்தக்கது என்ற தெரிவு வெளிப்படையாகச் செய்யப்பட்டது. திருத்தம் முதலிற் போதிய சோதனையின்றி வந்தது என்ற குறையை இது போக்கிவிடாது. எனினும் ‘பழைய நிலைக்குத் திரும்பிவிட்டோம்’ என்ற பொய் ஆறுதல் அங்கே சொல்லப்படவில்லை.

இறுதியாக, ஒட்டை இட்டவருமல்லாத, அதனாற் பயன்பெற்றவருமல்லாத மூன்றாமவர் ஒருவர் இருக்கின்றார். புதிதாய் வேலைக்கு வந்து சேவையகத்தைப் பொறுப்பேற்கும் இளம் பொறியியலாளர் அவர். ஒட்டுக் கோப்புறைகளைத் திறந்து பார்க்கின்றார். 0000 இருக்கிறது, 0001 முதல் 0006 வரை குறிப்புகளோடு இருக்கின்றன, 0007 இற் கோப்பு மட்டுமே உள்ளது. அதனை இட்டவர் வெளிநாடு சென்றுவிட்டார். எடுத்தால் என்ன நேரும், விட்டால் என்ன நேரும் என்பதை அவர் அறியார். தாம் தராத வாக்குறுதிக்கு அவர் கடன்பட்டவரல்லர் என்று வாதிடலாம். ஆயின் அறிந்துகொண்ட கணத்திலிருந்து, அதனை அப்படியே விடுவதும் அவர் செய்யும் செயலாகிவிடுகின்றது. கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதும் அவ்வாறே. எஞ்சியுள்ள வழி மெதுவானது. சேவையகத்தின் பிரதியொன்றைத் தனியே அமைத்து, அதில் ஏழாம் ஒட்டை நீக்கி, இன்று வரும் வேண்டுகைகளை அதற்கு அனுப்பி, எந்தக் கூறு தடுமாறுகிறது என்று பொறுமையுடன் பார்த்தல் வேண்டும். ஒரு வாரமோ இரு வாரமோ அதற்குச் செல்லலாம். அதுவரை வெறுமையாய்க் கிடக்கும் 0007 இன் குறிப்புக் கோப்பிலே, காரணம் தெரியவில்லை, ஆராயப்படுகிறது என்ற வரியையும் அன்றைய திகதியையும் தம் பெயரையும் அவர் எழுதி வைக்கலாம்.